கறுத்த திரையும் பாலச் சில்லும்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபொழுது, புகைவண்டி கிள்ளான் நகருக்குள் நுழையவில்லை. புக்கிட் கூடா என்னும் இடத்தோடு அது நின்றுவிட்டது. எஞ்சினில் நீராவிக்குக் குறைவில்லை. நகரத்தில் சரக்குக்கும் குறைவில்லை. இடையே ஆறு கிடந்தது. ஆற்றின்மேல் பாலம் இல்லை. 1890-ஆம் ஆண்டில் கன்னாட் பாலம் கட்டி முடிந்த பின்னரே பாதை நகரை எட்டியது. இரு பக்கமும் நலமாக இருந்தும், இடையில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமையால் காரியம் நின்றுவிடுவதுண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த எளிய உண்மை இற்றைநாள் மின்னணுக் கருவிகளுக்கும் பொருந்தும். மடிக்கணினியின் பொத்தானை அமுக்குகிறார் ஒருவர். ஓரத்தில் சிறு விளக்கு எரிகிறது. அடிப்பகுதியில் இளஞ்சூடு தெரிகிறது. ஆனால் திரை மட்டும் கறுத்தே கிடக்கிறது. "கணினி செத்துப்போயிற்று" என்று தீர்ப்புக் கூறி, அதனை அலமாரியில் ஏற்றிவிடுகின்றனர். உண்மையில் அதன் மூளை உயிரோடு இருக்கலாம். திரையும் பழுதின்றி இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் நிற்கும் நகக்கண் அளவான ஒரு சில்லு உறக்கத்திலிருந்து எழாமையே குறையாக இருக்கலாம். அதன் பெயர் பாலச் சில்லு. அதனை எழுப்பி வேலைக்கு ஆயத்தப்படுத்துவது, பூட்லோடர் என்று சொல்லப்படும் தொடக்க ஏற்றியின் பொறுப்பு. அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஈண்டு காணலாம்.

எடுத்துக்காட்டாக, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் சாம்சங் நிறுவனம் வெளியிட்ட குரோம்புக் என்னும் மடிக்கணினியைக் கொள்வது பொருத்தமாகும். காரணம் இரண்டு. மலேசியக் கல்வித் துறை 2013-ஆம் ஆண்டில் நாட்டின் தொடக்கப்பள்ளிகளிலும் இடைநிலைப் பள்ளிகளிலும் குரோம்புக் இனத்தைச் சேர்ந்த கணினிகளைப் புகுத்த முனைந்ததால், அப்பெயர் இந்நாட்டுப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் புதிதன்று. மேலும், இச்சாம்சங் கணினியின் தொடக்க ஏற்றி யாவரும் படித்துப் பார்க்கத்தக்க திறந்த நிரலாக அமைந்திருக்கிறது.

இரு மொழிகள்

அக்கணினியின் மூளை எக்ஸினாஸ் 5250 என்னும் செயலி. அதன் திரை 11.6 அங்குலம்; அகலத்தில் 1366 படப்புள்ளிகளும் உயரத்தில் 768 படப்புள்ளிகளும் கொண்டது. செயலி படத்தை அனுப்பும் முறைக்கு இ-டி.பி. என்று பெயர். திரை படத்தை ஏற்கும் முறைக்கு எல்.வி.டி.எஸ். என்று பெயர். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சுமக்கின்றன. ஆனால் சுமக்கும் வகை வேறு.

எல்.வி.டி.எஸ். முறையில் காலத்துடிப்பைச் சுமக்கத் தனியாக ஓர் இணைக்கம்பி உண்டு. அந்தத் துடிப்பு ஒருமுறை அடிக்கும்பொழுது, செய்தி செல்லும் ஒவ்வோர் இணைக்கம்பியிலும் ஏழு பிட்டுகள் ஓடுகின்றன. தாளத்துக்கேற்ப அடிவைப்பதுபோல, திரை அத்துடிப்பைக் கேட்டே புள்ளிகளை எண்ணிக்கொள்கிறது. இ-டி.பி. முறையிலோ தனித் துடிப்புக் கம்பி இல்லை. செய்தி சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டுச் செல்கிறது; காலக் கணக்கு அச்செய்திக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. பெறுபவர் அதனைப் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்.வி.டி.எஸ். பழைய முறை, 1990-களில் பரவியது. 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் அதனைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தன. ஆயினும் திரைகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. புதிய மொழி பேசும் செயலியும் பழைய மொழி பேசும் திரையும் ஒரே பெட்டிக்குள் வாழவேண்டிய நிலை ஏற்பட்டது. அங்கேதான் மொழிபெயர்ப்பவர் தேவைப்பட்டார்.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. துரையின் ஆங்கிலக் கட்டளையைத் தமிழில் எடுத்துரைத்ததும், தொழிலாளியின் கணக்கை ஆங்கிலத்தில் செக்ரோலில் ஏற்றியதும் கிராணியே. கிராணி அலுவலகத்துக்கு வராத நாளில் துரை பேசுவார், தொழிலாளியும் செவிகொடுப்பார், வேலை மட்டும் நடவாது. சாம்சங் கணினியில் கிராணியின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் சில்லு, என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் பி.டி.என்.3460. ஒரு பக்கம் இ-டி.பி. மொழியைக் கேட்டு, மறுபக்கம் எல்.வி.டி.எஸ். மொழியில் சொல்வதே அதன் தொழில்.

திரையின் கணக்கு

பாலத்தைக் கடந்து எவ்வளவு செய்தி ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகும். 1366-ஐ 768-ஆல் பெருக்கினால் ஒரு படத்துக்கு 1,049,088 புள்ளிகள். ஆனால் கணக்கு அதனோடு முடியவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் சிறிது ஓய்வு வேண்டும். ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குமுன்னும் ஓய்வு வேண்டும். ஏட்டில் எழுதும் மாணவன் ஓரத்தில் இடம் விடுவதைப்போல இதனைக் கருதலாம்.

இக்கணினியில் வரியின் முன்னோரம் 40, பின்னோரம் 40, வரி முடிவை அறிவிக்கும் துடிப்பு 32. ஆகவே ஒரு வரி 1366-உடன் 112 சேர்ந்து 1478 புள்ளிகள் நீளமுடையதாகிறது. உயரத்தில் முன்னோரம் 12, பின்னோரம் 10, துடிப்பு 6. ஆக 768 என்பது 796 ஆகிறது. 1478-ஐ 796-ஆல் பெருக்க 1,176,488. ஒரு நொடிக்கு 60 படங்கள், எனவே 70,589,280. தொடக்க ஏற்றிக்குக் கொடுக்கப்படும் குறிப்பேட்டில் இதே எண் எழுதப்பட்டிருக்கிறது. நொடிக்கு ஏழு கோடிக்கு மேற்பட்ட துடிப்புகள்! ஒவ்வொரு துடிப்புக்கும் ஏழு பிட்டுகள் எனின், ஓர் இணைக்கம்பியில் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 49 கோடிப் பிட்டுகள் ஓடுகின்றன.

இவ்வெண்களில் ஒன்று பிசகினாலும் படம் ஒரு பக்கமாக நகர்ந்தோ, உருண்டோ, முற்றிலும் தோன்றாமலோ போகும். எனவே இவை ஊகித்து எழுதத்தக்கவை அல்ல. திரையைச் செய்தவர் தரும் விவர ஏட்டைப் பார்த்தே எழுதப்பட வேண்டியவை.

விடியற்காலைப் பிரட்டு

தொடக்க ஏற்றி என்பது யாது? தோட்டத்தில் பொழுது புலருமுன் பிரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கங்காணி பெயர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்ப்பார். இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுப்பார். அதன் பின்னரே பால்வெட்டு தொடங்கும். கணினியில் இப்பிரட்டை நடத்துவது தொடக்க ஏற்றி. மின்சாரம் பாய்ந்தவுடன் நினைவகத்தைத் தட்டி எழுப்பும், சேமிப்பகத்தைத் தேடும், திரையை ஏற்றும், பின்பு மையக்கரு என்னும் பெரிய நிரலை அழைத்து, அதனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும்.

இவ்வகை ஏற்றிகளுள் பெயர்பெற்றது யு-பூட். ஜெர்மானியரான வோல்ஃப்காங் டெங்க் என்பவர் வளர்த்த பி.பி.சி.பூட் என்னும் நிரலே 2002-ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. டெங்க் 2022-ஆம் ஆண்டில் மறைந்தார்; அவர் தொடங்கிய நிரலோ உலகின் பல மூலைகளிலுள்ள பொறியாளர்களின் கைகளில் வளர்ந்துகொண்டேயிருக்கிறது. சாம்சங் குரோம்புக்கின் தொடக்க ஏற்றியும் இந்த யு-பூட்டே.

திரையை மையக்கரு வந்தபின் ஏற்றிக்கொள்ளலாகாதா என்ற வினா எழலாம். பல கருவிகளில் அவ்வாறும் செய்வதுண்டு. ஆனால் குரோம்புக்கின் நிலை வேறு. அது தொடங்கும்பொழுது, தான் ஏற்றப்போகும் மையக்கருவின் கையொப்பம் மெய்யானதா என்று சோதிக்கிறது. பொய்யெனத் தெரிந்தால் ஏற்ற மறுத்து, "மீட்பு வட்டைச் செருகுக" என்னும் பொருள்படத் திரையில் அறிவிக்கிறது. அந்த நேரத்தில் மையக்கரு இல்லை. ஏற்றி மட்டுமே உண்டு. ஏற்றிக்குத் திரையைக் கையாளத் தெரியாவிடின், அறிவிப்பு இருட்டிலேயே மறைந்துவிடும். பயனாளர் காண்பது கறுப்பு. மீட்கத்தக்க கணினி குப்பைக்குப் போவது இவ்வாறுதான்.

மேல்தளமும் கீழ்த்தளமும்

கிள்ளான் நகரின் கோத்தா பாலம் இரண்டு தளங்களுடன் கட்டப்பட்டது. மேல்தளம் ஊர்திகளுக்கு, கீழ்த்தளம் நடந்து செல்வோர்க்கும் மிதிவண்டி ஓட்டுவோர்க்கும். பாலச் சில்லிலும் அவ்வாறே இரு தளங்கள் உண்டென்று கொள்ளலாம். மேல்தளத்தில் படவெள்ளம் ஓடுகிறது. கீழ்த்தளத்தில் நிதானமாக நடந்து செல்வன கட்டளைகள்.

கட்டளைகள் செல்லும் கீழ்த்தளத்துக்கு ஐ-ஸ்கொயர்-சி என்று பெயர். 1982-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த முறை இது. இரண்டே கம்பிகள்: ஒன்றில் துடிப்பு, மற்றொன்றில் செய்தி. ஒரே கம்பியில் பல சில்லுகள் தொங்குவதால், ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண்ணைப்போல ஒரு முகவரி உண்டு. சாம்சங் கணினியில் பாலச் சில்லின் முகவரி 32. பொறியாளர்கள் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதுவதால் நிரலில் அது 20 என்று காணப்படும், இருபதென்று மயங்கலாகாது. பதினாறு இரண்டு முப்பத்திரண்டு என்பதே அதன் பொருள்.

சில்லின் உள்ளே பதிவகங்கள் என்னும் சிறு அறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் அறையும் எட்டுப் பிட்டுகள் கொள்ளும். இன்ன அறையில் இன்ன எண்ணை எழுது என்பதே கட்டளை. சில்லை ஆயத்தப்படுத்துதல் என்பது, சுருங்கக் கூறின், சரியான அறையில் சரியான எண்ணைச் சரியான நேரத்தில் எழுதுதலேயாகும். இம்மூன்றனுள் ஒன்று தவறினும் மற்ற இரண்டும் வீணாகும்.

நேரத்தின் அருமை

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோர்க்கு ஒரு சுவையான செய்தி கிடைக்கும். பி.டி.என்.3460 சில்லுக்கு உறக்கக் கம்பி ஒன்றும் மீட்டமைப்புக் கம்பி ஒன்றும் உண்டு. ஏற்றி முதலில் உறக்கக் கம்பியை விடுவிக்கிறது. பின் மீட்டமைப்புக் கம்பியை ஒருமுறை அழுத்தி விடுகிறது. சில்லு விழித்ததும் இணைப்பறிகுறிக் கம்பி ஒன்றை உயர்த்தி, "யான் ஆயத்தம்" என்று தெரிவிக்கவேண்டும். அவ்வறிகுறி கண்டதும் படத்தை அனுப்பத் தொடங்கலாம் என்றுதான் எவரும் எண்ணுவர்.

ஆனால் இச்சில்லில் ஒரு குறை உண்டு. உறக்கம் கலைந்த 7 மில்லிவிநாடிக்குள் அது ஒருமுறை கம்பியை உயர்த்திவிடுகிறது. குறைந்தது 15 மில்லிவிநாடி அந்நிலை நீடிக்கிறது. அது பொய்க்குறி, சில்லு அப்பொழுது ஆயத்தமாக இல்லை. உண்மையான குறி ஏறத்தாழ 50 மில்லிவிநாடி கழித்தே வருகிறது. பொய்க்குறியை நம்பிப் படத்தை அனுப்பினால், கேட்பார் இல்லாத இடத்தில் பேசிய பேச்சாக அது முடியும்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த பழைய இரயில்வே ஊழியர்களுக்கு இதன் தீமையை விளக்கவேண்டியதில்லை. முன்னால் பாதை வெறுமையாகுமுன் கைகாட்டி இறங்கிவிட்டால் என்ன நேரும் என்பது அவர்கள் அறிந்ததே. கைகாட்டியை மட்டும் நம்பாமல், அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் பெற்ற பின்னரே வண்டியை விடுவது இரயில்வே ஒழுங்கு.

யு-பூட் நிரலை எழுதியவர்கள் இக்குறையைக் கண்டறிந்து, எளிய மருந்தொன்று செய்தனர். சில்லை எழுப்பிய பின் 90 மில்லிவிநாடி ஒன்றும் செய்யாமல் காத்திரு. அதன் பின்னரே அறிகுறிக் கம்பியைப் பார். அப்பொழுதும் கம்பி உயராவிடில், சில்லை மீண்டும் உறங்கவைத்து எழுப்பு. இவ்வாறு பத்து முறை வரையில் முயல்க. 90 மில்லிவிநாடி என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. ஆனால் அதனை வீணென்று எண்ணி நீக்கிவிடுபவர், ஒருநாள் எரிந்தும் மறுநாள் எரியாமலும் போகும் திரையைப் பெறுவர். என்றும் எரியாத திரையைக் காட்டிலும் சிலநாள் மட்டும் எரியும் திரையே பொறியாளரை மிகுதியும் வருத்துவது. பழுது எங்கே என்று தேடும் நாளில் அது ஒளிந்துகொள்கிறதன்றோ!

மற்றொரு நன்மையும் இதிலுண்டு. ஏன் காத்திருக்கிறோம் என்பதை நிரலுக்குள்ளேயே குறிப்பாக அவர்கள் எழுதிவைத்தனர். பின்னால் வருபவர் "இக்காத்திருப்பு எதற்கு?" என்று அழித்துவிடாதபடி அக்குறிப்பு காவல் நிற்கிறது. காரணம் எழுதப்படாத விதி நெடுநாள் நிலைப்பதில்லை.

பதினொன்று என்னும் எண்

அடுத்தது சரியான எண். செயலி ஒரு திரையோடு பேசத் தொடங்குமுன், "உன் அளவு என்ன?" என்று கேட்கிறது. அதற்கு விடையாகத் திரை ஓர் அடையாள அட்டையை நீட்டவேண்டும். ஈ.டி.ஐ.டி. என்னும் அவ்வட்டையின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் நீளமுள்ளது. முதல் எட்டு எண்கள் எப்பொழுதும் ஒன்றே: ஒரு சுழி, ஆறு 255-கள், மறுபடியும் ஒரு சுழி. 128 எண்களையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி வரலாகாது. மீதி வந்தால் அட்டை கெட்டுவிட்டது என்று பொருள். பள்ளியில் பயிலும் வகுத்தல் கணக்கு இங்கே காவற்காரனாக நிற்பது காண்க.

மடிக்கணினியின் எல்.வி.டி.எஸ். திரையிடம் செயலி நேராக இவ்வாறு கேட்க வழியில்லாத நிலை உண்டு. அதற்காகப் பாலச் சில்லு தானே ஓர் அட்டையை நீட்ட வல்லது. பி.டி.என்.3460-இல் சுழி முதல் ஆறு வரை எண்ணிட்ட ஏழு அட்டைகள் உள்ளன. ஐந்தாம் எண்ணுள்ள அட்டை 1366-க்கு 768 அளவினது. லினக்ஸ் மையக்கரு வந்ததும், இவ்வட்டையைத் தேர்ந்தெடுக்க 132-ஆம் பதிவகத்தில் ஓர் எண்ணை எழுதுகிறது. அவ்வெண் ஐந்தன்று; பதினொன்று. அஃது ஏன்?

அப்பதிவகத்தின் கடைசிப் பிட்டு ஒரு திறப்பைப் போன்றது; அது ஒன்றாக இருந்தால்தான் அட்டை நீட்டப்படும். அட்டையின் எண் அதற்கு இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. இருமக் கணக்கில் ஓரிடம் இடப்பக்கம் தள்ளுவது இரண்டால் பெருக்குவதற்குச் சமம். ஆகவே ஐந்து பத்தாகிறது. திறப்புக்கான ஒன்றைக் கூட்டப் பதினொன்று.

அவசரக்காரர் ஒருவர் ஐந்தென்றே எழுதிவிட்டால் என்ன நேரும்? ஐந்து இருமத்தில் 101. கடைசியில் ஒன்று இருப்பதால் திறப்பு திறந்துகொள்ளும். எஞ்சிய 10 இரண்டைக் குறிக்கும். இரண்டாம் அட்டையோ 1920-க்கு 1080 அளவுக்குரியது. சிறிய திரையைப் பெரிய திரை என்று பாலம் சொல்லிவிடுகிறது. செயலி அவ்வாறே நம்புகிறது. எந்தச் சில்லும் பழுதில்லை. எந்தக் கம்பியும் அறவில்லை. ஆயினும் படம் கெடுகிறது. பத்தென்று எழுதினாலோ திறப்பு மூடியே இருக்கும். எழுதியது எழுதாததற்கு ஒப்பாகும்.

மற்றொரு பாலம்

எல்லாப் பாலச் சில்லுகளும் ஒரே இயல்பின அல்ல. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.பி. குரோம்புக் 11-இல் அமைந்தது பரேட் நிறுவனத்தின் பி.எஸ்.8622. முன்னது எழுப்பியதும் தானே வேலையை அறிந்துகொள்ளும் பழுத்த ஊழியர் எனின், இது ஒவ்வொன்றையும் சொல்லித் தரவேண்டிய புதிய ஆள். எனவே யு-பூட் இதற்கொரு நீண்ட பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலின் ஒவ்வோர் உருப்படியும் மூன்று எண்கள்: எந்தப் பகுதி, எந்தப் பதிவகம், எந்த மதிப்பு. ஏற்றி அதனை மேலிருந்து கீழாக வரிசை தவறாமல் எழுதிச் செல்கிறது.

அப்பட்டியலின் தொடக்கமும் முடிவும் கருதத்தக்கவை. முதல் வரி, இணைப்பறிகுறியைத் தாழ்த்து என்கிறது. கடைசி வரி, இணைப்பறிகுறியை உயர்த்து என்கிறது. இடைப்பட்ட வேலை யாவும் முடியும் வரையில் "யான் ஆயத்தமில்லை" என்று சில்லு நேர்மையாகக் கூறும்படி செய்து, முடிந்த பின்னரே குறி காட்டவைக்கிறார்கள். முன்னைய சில்லின் பொய்க்குறிக்கு நேர்மாறான ஒழுங்கு இது.

இப்பட்டியலை நிரலின் நடுவே எழுதாமல் சாதனமரம் என்னும் தனிக் குறிப்பேட்டில் எழுதியிருப்பதும் அறிந்துகொள்ளத்தக்கது. நிரல் பொதுவானது, குறிப்பேடு ஒவ்வொரு பலகைக்கும் உரியது. பாடநூல் ஒன்றாக இருக்க, வகுப்புக்கு வகுப்பு வருகைப் பதிவேடு வேறாக இருப்பதைப்போல. யு-பூட்டும் லினக்ஸும் சாதனமரத்தைப் படித்தே சில்லுகளை அறிந்துகொள்கின்றன. இதில் கம்பியின் நிலையைத் தலைகீழாகக் குறித்துவிட்டால், "எழு" என்னும் கட்டளையே "உறங்கு" என்று போய்ச் சேரும்.

கறுப்பின் காரணம் காணல்

திரை கறுத்திருந்தால் காரணம் ஒன்றென்று முடிவுகட்டலாகாது, வரிசையாக ஆராயவேண்டும். முதலாவது, இருட்டறையில் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துத் திரையைப் பார்ப்பது. மங்கலாகப் படம் தெரிந்தால் பாலம் வேலை செய்கிறது. பின்னொளி மட்டும் எரியவில்லை. இரண்டாவது, பலகையிலுள்ள தொடர்க்கம்பி வழியே யு-பூட்டின் கட்டளை வரிக்குச் சென்று, "ஐ2சி ப்ரோப்" என்னும் கட்டளையைக் கொடுப்பது. கம்பியில் விழித்திருக்கும் சில்லுகளின் முகவரிகள் வரிசையாகத் தோன்றும். பாலத்தின் முகவரி அதில் இல்லையெனில், அது மின்சாரம் பெறவில்லை, அல்லது உறக்கக் கம்பி விடுவிக்கப்படவில்லை.

மூன்றாவது, முகவரி இருந்தும் படம் இல்லையெனில், இணைப்புப் பயிற்சி தோற்றிருக்கலாம். இ-டி.பி. முறையில் அனுப்புபவரும் பெறுபவரும் முதலில் அறிந்த சில கோலங்களைப் பரிமாறி, குறியின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் ஒத்துப்போகவேண்டும். வகுப்பின் கடைசி வரிசைக்குக் குரல் எட்டுகிறதா என்று ஆசிரியர் முதலில் கேட்டுக்கொள்வதைப் போன்றது அது. நான்காவது, படம் வந்தும் நிறம் திரிந்திருந்தால், ஏழு ஏழாகச் செல்லும் பிட்டுகளை அடுக்கும் முறை மாறியிருக்கிறது. வெசா அடுக்கு, ஜெய்டா அடுக்கு என இருவகை உண்டு. பாலம் ஒன்றில் அனுப்ப, திரை மற்றொன்றில் படித்தால், முகங்கள் சேறு பூசினாற்போல் தோன்றும்.

ஒரு பொருளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். முதலில் திரைக்கு மின்சாரம், அடுத்துப் படக்குறி, இறுதியில் பின்னொளி. அணைக்கும்பொழுது இதன் தலைகீழ் வரிசை. இவ்வொழுங்கை மீறினால் கண்ணுக்கு அருவருப்பான மின்னல்கள் தோன்றுவதோடு, திரைக்கே தீங்கு நேரவும் கூடும். மற்றப் பிழைகள் திருத்தத்தக்கவை, இது அவ்வாறன்று.

பொதிதலும் பேசவைத்தலும்

இச்செய்தி கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்கு எவ்வாற்றான் உரியது? 1972-ஆம் ஆண்டில் மோட்டரோலா நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வே தடையற்ற வணிக வட்டாரத்தில் சில்லுத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. 2004-ஆம் ஆண்டில் அதன் சில்லுப் பிரிவு ஃப்ரீஸ்கேல் எனத் தனியாயிற்று. பிலிப்ஸிலிருந்து 2006-ஆம் ஆண்டில் பிரிந்த என்.எக்ஸ்.பி. நிறுவனத்தோடு ஃப்ரீஸ்கேல் 2015-ஆம் ஆண்டில் இணைந்தது. மேலே கூறிய பாலச் சில்லைப் படைத்த நிறுவனமும், இரு கம்பி முறையை வகுத்த மரபும், சுங்கை வே தொழிற்சாலையும் இன்று ஒரே குடும்பம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மனைகளாக மாறியும் போன காலத்தில், பால்வாளியை வைத்துவிட்டுச் சில்லுத் தொழிற்சாலைகளின் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல.

ஆனால் சில்லைப் பொதிவது வேறு. அதனைப் பேசவைப்பது வேறு. முன்னதற்குக் கையின் திறம் போதும். பின்னதற்கு விவர ஏட்டைப் படிக்கும் பொறுமையும், இருமக் கணக்கின் தெளிவும், காரணம் கண்டறியும் பழக்கமும் வேண்டும். மலேசிய அரசு 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்த தேசிய அரைக்கடத்தித் திட்டம், 60,000 பொறியாளர்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்காவும் தொடங்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவுக்கு வெளியே நின்று உள்ளே வரும் பெட்டிகளைச் சுமப்போராகவே தமிழிளைஞர் இருந்துவிடலாகாது.

அதற்கான முதற்படிக்குச் செலவு பெரிதன்று. யு-பூட்டின் முழு நிரலும் விலையின்றிக் கிடைக்கிறது. பல சில்லுகளின் விவர ஏடுகளும் அவ்வாறே. அலமாரியில் கிடக்கும் பழைய பலகை ஒன்று, தொடர்க்கம்பி ஒன்று, ஓய்வுநாளின் சில மணிகள் ஆகியவை போதும். காப்பாரிலோ பந்திங்கிலோ இருக்கும் மாணவன் 132-ஆம் பதிவகத்தில் ஏன் பதினொன்று எழுதவேண்டும் என்று தானே கண்டுபிடித்த நாளில், அவன் கற்றது ஒரு சில்லை மட்டுமன்று. எந்தச் சில்லின் ஏட்டைக் கொடுத்தாலும் அவன் படித்துக்கொள்வான்.

எனவே திரை கறுத்த கணினியைச் செத்ததென்று தள்ளுமுன், இடையிலுள்ள பாலத்தை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று. புக்கிட் கூடாவில் நின்ற வண்டியை எவரும் பழுதென்று ஒதுக்கிவிடவில்லை, பாலம் கட்டினார்கள், வண்டி கிள்ளானைச் சேர்ந்தது.